எண்பதைத் தொட்டால் நடுக்கம்

பாலக்கோடு தக்காளி மண்டிக்குள் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் நுழைந்து, ஏலத்தை முடித்து, வெள்ளையாகவே வெளியே வருகிற மனிதர் ஒருவர் இருக்கிறார் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். நசுங்கிய தக்காளியில் கால் வைக்காமல் அங்கே நாலு எட்டு நடக்க முடியாது. பெட்டி தூக்குகிறவர்கள் உடம்பெல்லாம் சாறு, உள்ளே புகுந்த மாட்டின் மூஞ்சியெல்லாம் சாறு, வியாபாரிகளின் செல்போனில்கூட விதை ஒட்டியிருக்கும். இதற்கு நடுவே கமிஷன் கடை தமிழ்மணி மட்டும் இஸ்திரிக் கடையிலிருந்து அப்போதுதான் எடுத்து வந்த துணி மாதிரி நிற்பார். அவர் சட்டையில் ஒரு சொட்டு தெறித்தால் அன்றைக்கு விலை ஏறும் என்று யாரோ கிளப்பிவிட்டதை நம்பி, வேண்டுமென்றே தெறித்துப் பார்த்தவர்களும் உண்டு. விலை ஏறவில்லை. தமிழ்மணியின் குரல்தான் ஏறியது.

பார்க்கச் சாதாரண மனிதர். ஐம்பதைத் தாண்டியவர், கொஞ்சம் தொப்பை, கொஞ்சம் ரத்தக் கொதிப்பு, மீசைக்கு மட்டும் மை. சுத்தம் என்று வந்துவிட்டால் மட்டும் அவருக்குச் சாமி வந்துவிடும். ஊரில் எல்லாரும் புது வண்டியின் சீட் மேலிருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கிழிந்து தொங்கும்வரை எடுக்கமாட்டார்கள். இவர் ஷோரூம் வாசலிலேயே அதை உரித்து, மடித்து, விற்றவன் கையில் கொடுத்துவிட்டு வந்தவர். ஃபேனில் இருக்கும் ஸ்டிக்கர், ஃபிரிட்ஜில் இருக்கும் ஸ்டிக்கர், ஆப்பிளில் இருக்கும் ஸ்டிக்கர் எதையும் விடமாட்டார். உரித்த இடத்தில் பசை மிச்சமிருக்கிறதா என்று விரலால் தடவி வேறு பார்ப்பார். "எங்கப்பாம்மா எம் மேல ஸ்டிக்கர் ஒட்டாம கட்டிக்குடுத்ததுதான் நான் செஞ்ச புண்ணியம்" என்பாள் அவர் மனைவி சுகுணா.

இப்படிப்பட்டவர் சட்டையில் கறை வைத்துவிட்டுத் திட்டு வாங்காமல் தப்பித்த ஆள் உலகத்தில் ஒருத்திதான். அவருடைய ஒரே மகள் வெண்மதி.

வெண்மதிக்கு டீசல் வாசனை ஆகாது. சின்னப் பெண்ணாக இருந்தபோது பாலக்கோடு பஸ் நிலையத்தில் பஸ் உறுமத் தொடங்கியதுமே அவள் முகம் வெளுத்துவிடும். தருமபுரி போய்ச் சேர்வதற்குள் குறைந்தது ஒரு தடவையாவது வாந்தி. பஸ்ஸில் தமிழ்மணி ஜன்னலோரம் அவளை உட்கார வைத்து, ஒரு கையால் நெற்றியைத் தாங்கி, இன்னொரு கையில் பிளாஸ்டிக் கவரைப் பிடித்துக்கொண்டு வருவார். கவர் சில நாள் தாங்கும், சில நாள் ஓட்டையாக இருக்கும். ஓட்டையாக இருந்த நாட்களில் சட்டை போய்விடும். அப்போதும் "பரவால்ல கண்ணு, பரவால்ல கண்ணு" என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து ஒன்றும் வராது. முன் சீட்டுக்காரர் திரும்பி முறைத்தால் அவருக்குத்தான் நல்லா கிடைக்கும்.

அவளைக் கம்பைநல்லூரில் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளை சிவக்குமார் தங்கமான பையன், வாயில்லாப் பூச்சி. வாயெல்லாம் சேர்த்து அவன் அப்பா கோவிந்தன் வைத்திருந்தார். கோவிந்தன் மரவள்ளியும் மஞ்சளும் போடுகிற பெரிய விவசாயி. அந்த வீட்டில் டீசல் குடிக்காத உயிர் கிடையாது. டிராக்டர், டெம்போ, கிணற்று மோட்டாருக்கு ஒரு ஜெனரேட்டர், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பழைய ஜீப். கல்யாணத்தன்று அந்த ஜீப்பில்தான் பெண்ணை ஏற்றிக்கொண்டு போனார்கள். மொரப்பூர் தாண்டுவதற்குள் வெண்மதி மாலையிலேயே வாந்தி எடுத்தாள். அது வீடியோவில் இருக்கிறது. தமிழ்மணி அந்த இடம் வரும்போது மட்டும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

வெண்மதி முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்த வாரமே தமிழ்மணி மின்சாரக் கார் வாங்கினார். மண்டியில் கேட்டவர்களிடம் பெட்ரோல் விலையைக் காரணம் சொன்னார், பூமி சூடாவதைக்கூடச் சொன்னார். வளைகாப்பு முடிந்து மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்து வரும்போது அவள் மூக்கில் ஒரு பொட்டு டீசல் வாசனை ஏறக் கூடாது, அவ்வளவுதான் காரணம். சுகுணாவிடம்கூட அதை அவர் சொன்னதில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரியும்.

கோவிந்தனுக்கு அந்தக் காரைக் கண்டாலே இளப்பம். சத்தமே போடாத ஒன்றை வண்டி என்று ஒத்துக்கொள்ள அவர் தயாராக இல்லை. "சம்பந்தி, மிக்ஸிக்கு சார்ஜ் போட்டாச்சுங்களா?" என்றுதான் போனில் பேச்சையே ஆரம்பிப்பார். தமிழ்மணி பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆச்சுங்க" என்பார்.

ஆயுத பூஜை வந்தது. மண்டிக்கு லீவு. ஊர் முழுக்கக் கார் கழுவுகிறவர்கள் வண்டி மேலே ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தபோது, தமிழ்மணி ஜாக்கி வைத்து முன் சக்கரங்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சக்கரத்தின் உள்பக்கத்தைத் தேய்த்தார். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. ரிம்முக்கு உள்ளே, வரிசையாக, நகம் அளவுக்குச் சாம்பல் நிறச் சதுரங்கள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு எண். ரெண்டு சக்கரத்திலும் இருந்தது.

"பாருடி, பாருடி. லட்சக்கணக்குல வாங்கறானுங்க, ஸ்டிக்கரைக்கூட உரிக்காம குடுத்திருக்கானுங்க" என்று சுகுணாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"கம்பெனிக்காரன் எதுக்கோ ஒட்டியிருப்பான், உடுங்க."

"எதுக்கு ஒட்டுவான்? உள்ள யாரு பாக்கப் போறாங்கன்னு சோம்பேறித்தனம்."

காய் நறுக்குகிற கத்தியால் நெம்பினார். லேசில் வரவில்லை. உரிப்பதில் ஆயுள் அனுபவம் உள்ளவர் விடுவாரா? மண்ணெண்ணெய் தொட்டு, சுரண்டி, பசை தடமே இல்லாமல் ரெண்டு சக்கரத்தையும் கண்ணாடி மாதிரி ஆக்கினார். பின் சக்கரங்களுக்குப் போவதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. மீதியைத் தை மாசம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

உரித்ததை எறிய மனசு வரவில்லை. கனமாக, தகடு மாதிரி, பின்னால் கொஞ்சம் பசையோடு உருப்படியான சாமானாக இருந்தது. சாப்பாட்டு மேஜைக்கு ஒரு கால் குட்டை. கையை ஊன்றினால் ரசம் தளும்பும். அந்தக் காலுக்கு அடியில் சதுரங்களை அடுக்கி ஒட்டினார். மேஜை அசையாமல் நின்றது. அன்றைக்குச் சாப்பிடும்போது வேண்டுமென்றே முழங்கையை ஊன்றி ஊன்றிக் காட்டி, "எப்புடி?" என்று சுகுணாவிடம் பாராட்டு வாங்கிக்கொண்டார்.

மண்டிக்கும் வீட்டுக்குமாகக் கார் போய்வந்தது. அந்தத் தெருவில் நாற்பதைத் தாண்ட யாராலும் முடியாது; ஒன்று தக்காளி டெம்போ நிற்கும், இல்லை கரும்பு டிராக்டர் நிற்கும். அதனால் ஒரு குறையும் தெரியவில்லை.

வளைகாப்புக்கு நாள் குறிக்கக் கம்பைநல்லூருக்குக் கிளம்பினார்கள். பாலக்கோட்டிலிருந்து தருமபுரி வரை முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள், அதற்குப் பிறகு குறுகலான ரோடு. வண்டி உருண்டு உருண்டுதான் போய்ச் சேர்ந்தது. கோவிந்தன் வாசலுக்கே வந்து, "மிக்ஸி இவ்ளோ தூரம் வந்துருச்சே!" என்று வரவேற்றார். அவருடைய ஜீப் டிரைவர் முருகன் மட்டும் காரைச் சுற்றிச் சுற்றி வந்து ஆசையாகப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே தலையை நீட்டி, "வண்டி வெயில்ல காயுதுங்க. புளியமரத்துக்கு அடியில உடட்டுங்களா?" என்று சாவி கேட்டான். தன் ஸ்டியரிங்கை மனைவியையே தொடவிடாத தமிழ்மணி, சம்பந்தி வீடாச்சே என்று வேறு வழியில்லாமல் கொடுத்தார். ஐப்பசியில் நல்ல நாளாகக் குறித்துக்கொண்டு, விருந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

திரும்பும்போது ரோடு காலி. தருமபுரி தாண்டி நாலுவழிச் சாலையில் ஏறியதும் தமிழ்மணி காலை அமுக்கினார். எழுபது வரை வெண்ணெய். எண்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கியது.

முதலில் தன் கைதான் நடுங்குகிறது என்று நினைத்து ரத்தக் கொதிப்பு மாத்திரையைப் போட்டோமா என்று யோசித்தார். கையை எடுத்தார். ஸ்டியரிங் தானாக நடுங்கியது. அறுபதுக்கு இறக்கினார், நின்றது. மறுபடி எண்பது, மறுபடி நடுக்கம். மற்ற வண்டியாக இருந்தால் எஞ்சின் சத்தத்தில் பாதி மறைந்திருக்கும். இதில் மறைக்க ஒன்றுமில்லை. அந்த அமைதியில் ஸ்டியரிங் உதறுவது ஊருக்கே கேட்கிற மாதிரி அவருக்குத் தோன்றியது.

"போகும்போது ஆடுச்சா?" என்றார்.

"இல்லையே" என்றாள் சுகுணா.

"அங்க போற வரைக்கும் நல்லா இருந்துச்சு. அவன் சாவிய வாங்கிகிட்டுப் போனான். இப்ப ஆடுது."

போகும்போது எண்பதைத் தொடவே இல்லை என்பது ரெண்டு பேருக்கும் உறைக்கவில்லை. புளியமரத்து வேரிலோ கல்லிலோ முருகன் சக்கரத்தை ஏற்றி இடித்துவிட்டான் என்று தமிழ்மணி அந்த இடத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டார்.

அடுத்த நாட்களில் அவர் ஆராய்ச்சியில் இறங்கினார். யூடியூப்பில் யார் யாரோ சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு, மண்டி முடிந்ததும் நாலுவழிச் சாலைக்குப் போய்விடுவார். பக்கத்து சீட்டில் சுகுணா, மடியில் வேர்க்கடலை. பிரேக் போட்டால் நடுக்கம் கூடுகிறதா என்று பார்த்தார். கூடவில்லை, அப்படியானால் பிரேக்கில் குறையில்லை. கையை விட்டுப் பார்த்தார். வண்டி ஒரு பக்கமாக இழுக்கவில்லை. எண்பதில் நியூட்ரலுக்குத் தள்ளினார். மோட்டார் ஓய்ந்த பிறகும் நடுங்கியது. அப்படியானால் மோட்டாரும் இல்லை, பேட்டரியும் இல்லை.

"சீட்டு ஆடுதா பாரு" என்றார்.

"எஞ் சீட்டு ஆடல. உங்க கையிலதான் ஆடுது."

"அப்ப முன் சக்கரம்தான். பின்னாடின்னா சீட்டு ஆடும்."

இவ்வளவு சரியாகப் படிப்படியாக வந்தவர், கடைசிப் படியில் மறுபடி முருகனிடம் போய் நின்றார்.

மண்டியில் அவர் வாயே திறக்கவில்லை. மின்சாரக் கார் வேண்டாம் என்று அத்தனை பேரும் தலைபாடாய் அடித்துக்கொண்டபோது ஒருத்தர் பேச்சையும் கேட்காமல் வாங்கியவர். இப்போது நடுங்குகிறது என்று சொன்னால் மானம் போய்விடும். "நம்ம சிநேகிதர் ஒருத்தரு வண்டி, எண்பதுல கொஞ்சம் ஆடுதாம்" என்று நைசாக விசாரித்தார். "ஐப்பசிக் குளுருதுங்களே, பேட்டரி நடுங்குமுங்க" என்றான் ஒருவன். "உங்க சிநேகிதரு ராத்திரி அதுக்குப் போர்வை போத்தலீங்களா?" என்றான் இன்னொருவன். யார் அந்த சிநேகிதர் என்று மண்டியில் பெட்டி அடுக்குகிறவன் வரை எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

வண்டி விற்றவர்கள் வளைகாப்புக்கு அப்புறம் ஒரு தேதியைக் கொடுத்து அப்போது வரச் சொன்னார்கள். அதுவரை பொறுக்க முடியாது. நடுங்குகிற வண்டியில் நிறைமாசத்தை நெருங்குகிற பெண்ணை எப்படி ஏற்றுவது? வளைகாப்புக்கு ரெண்டு நாள் இருக்கும்போது தருமபுரியில் கலைமணியின் சக்கரப் பட்டறைக்கு வண்டியை விட்டார்.

கலைமணி ஊரில் எல்லா விஷயத்துக்கும் கருத்து வைத்திருப்பவன். வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, மழை ஏன் பெய்யவில்லை, சினிமா ஏன் ஓடவில்லை என்பதையெல்லாம் பேசிக்கொண்டே ஒரு முன் சக்கரத்தைக் கழற்றி மிஷினில் மாட்டிச் சுற்றினான். மிஷின் ஒரு எண்ணைக் காட்டியது. அடுத்த சக்கரத்துக்கு இன்னொரு எண்.

"வெயிட்டு இல்லீங்க" என்றான்.

"என்ன வெயிட்டு?"

"சக்கரம் ஒரே சீரா சுத்தறதுக்கு வெயிட்டு வெச்சிருப்பாங்க. ரெண்டு முன் சக்கரத்துலயும் இல்ல. ஒண்ணுன்னா தானா உழுந்துச்சுன்னு சொல்லலாம். ரெண்டுலயும் சுத்தமா இல்லீன்னா யாரோ கழட்டியிருக்காங்க."

தமிழ்மணியின் மனதில் வெயிட் என்றால் மண்டித் தராசில் வைக்கிற இரும்புப் படிக்கல். அத்தனை பெரிய படிக்கல்லைப் புளியமரத்தடியில் முருகன் கழற்றித் துண்டில் மறைத்துக்கொண்டு போகிற காட்சி அவர் கண்முன் ஓடியது. ரத்தம் கொதித்தது. விறுவிறுவென்று ரோட்டுக்கு வந்து கோவிந்தனுக்குப் போன் போட்டார்.

"சம்பந்தி, மிக்ஸிக்கு சார்ஜ்..." என்று அவர் ஆரம்பிப்பதற்குள், "மிக்ஸிய உடுங்க. உங்க வூட்டு முருகன் என் வண்டி வெயிட்டக் கழட்டி வித்துட்டான். மெக்கானிக்கே சொல்லிட்டாரு. திருட்டுப் பயலை வூட்டுல வெச்சிகிட்டு நீங்க என்னைய கிண்டல் பண்றீங்க" என்று கொட்டித் தீர்த்தார்.

கோவிந்தன் பேசியபோது குரலில் கிண்டல் இல்லை.

"முருகன் எங்க வூட்டுப் பையன் மாதிரிங்க. எங்கப்பா சாவும்போது ஆஸ்பத்திரில பக்கத்துல இருந்தவன். அவன் திருடன்னா நாங்களும் திருடங்கதான். உங்க வண்டி இந்த வாசல்ல வந்து நிக்கவேணாமுங்க. பொண்ணை நாங்களே ஜீப்புல கொண்டாந்து உடறோம்."

போன் அணைந்தது. தமிழ்மணிக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் நியாயம் தன் பக்கம் என்கிற வீராப்பில் நிமிர்ந்துகொண்டு பட்டறைக்குள் போனார்.

உள்ளே கலைமணி ஒரு சுருளிலிருந்து எதையோ கிழித்துக்கொண்டிருந்தான். வரிசையாக, நகம் அளவுக்கு, சாம்பல் நிறச் சதுரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு எண். பின்னாலிருந்த தாளை உரித்து ரிம்மின் உள்பக்கத்தில் அழுத்தி ஒட்டினான்.

"அது என்னாது?" தமிழ்மணியின் குரல் எங்கிருந்தோ வந்தது.

"இதாங்க வெயிட்டு." கலைமணி சிரித்தான். "ஒரு கூத்து பாருங்க. உங்க பின் சக்கரத்துல வெயிட்டு இருக்குது, அழுக்கும் இருக்குது. முன் சக்கரத்துல வெயிட்டும் இல்ல, அழுக்கும் இல்ல. பசைத் தடம்கூட இல்லாம தொடச்சி, பளபளன்னு ஆக்கிட்டுப் போயிருக்கான். இப்புடி ஒரு சுத்தக்காரத் திருடனை நான் பாத்ததே இல்லீங்க."

தமிழ்மணி பக்கத்திலிருந்த டயர் மேல் உட்கார்ந்தார். வேட்டியில் கறுப்பு படும் என்பதைக்கூட அவர் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது எண்பது, தொண்ணூறு, நூறு வரை வண்டி வெண்ணெய் மாதிரி போனது. அதை ரசிக்கிற நிலையில் அவர் இல்லை. வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேஜையைச் சாய்த்து, காலுக்கு அடியிலிருந்த சதுரங்களைப் பெயர்த்தார். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த சுகுணாவிடம் நடந்ததைச் சொல்ல வேண்டியதாயிற்று.

அவள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் பொத்த முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "அப்ப இத்தன நாளா நாம வண்டிச் சக்கரத்து மேல சோறு துன்னுகிட்டு இருந்திருக்கறோம்."

"சிரிக்காத."

"நான்தான் அன்னிக்கே உடுங்கன்னேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி, போனப் போட்டு சொல்லிருங்க."

அவர் போனை எடுத்தார், வைத்தார். மறுபடி எடுத்தார். கோவிந்தன் சாகிறவரை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஊர்க் கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றிலும் சிரிப்பார். "வெயிட்டு தானா உழுந்துருச்சாம்னு சொல்லிரட்டுமா?" என்று மனைவியைக் கேட்டார்.

சுகுணாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "சொல்லுங்க. முருகன் பேரு அப்புடியே கெடக்கட்டும். உங்க பொண்ணும் ஜீப்புல வாந்தி எடுத்துகிட்டே வரட்டும். வயித்துப் புள்ளையோட."

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. ஆடுகிற மேஜையில் அவள் மட்டும் சாப்பிட்டாள்.

வளைகாப்பன்று காலையில், வரவேண்டாம் என்று சொல்லப்பட்ட காரிலேயே சீர்த்தட்டுகளோடு கிளம்பினார்கள். வாசலில் பந்தல். சொந்தக்காரர்கள் கூட்டம். பூ சுற்றிய ஜீப் தயாராக நின்றது. அதற்குப் பக்கத்தில் முருகன் இல்லை. பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் தனியாக நின்றிருந்தான். திருடன் ஓட்டுகிற வண்டியில் நல்ல காரியம் வேண்டாம் என்று ஜீப் சாவியைக் காலையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டானாம். கோவிந்தன் வாசற்படியில் நின்று, வாங்க என்று மட்டும் சொன்னார். மிக்ஸி என்கிற வார்த்தை வரவில்லை. வராதது தமிழ்மணிக்கு என்னவோ செய்தது.

அவர் உள்ளே போகவில்லை. நேராக வேப்பமரத்தடிக்குப் போனார். சட்டைப் பையிலிருந்து சதுரங்களை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பியது.

"முருகா, வெயிட்டு இதுதாம்பா. நீ எடுக்கல. நாந்தான் ஸ்டிக்கருன்னு நெனச்சி உரிச்சுட்டேன். உரிச்சி எங்க வூட்டு மேஜைக் காலுக்கு வெச்சேன். உம் மேல பழியப் போட்டுட்டேன். தப்புப்பா."

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் பந்தலே குலுங்கியது. சமையல்காரர் கரண்டியோடு வந்து என்ன என்று கேட்டுவிட்டுப் போய் அடுப்படியில் சொன்னார். அங்கேயிருந்து தனியாக ஒரு சிரிப்பலை கிளம்பியது. கோவிந்தன் மட்டும் வெகுநேரம் அடக்கிக்கொண்டு நின்றார். "மேஜை ஆடலீங்களே?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு, அப்புறம்தான் வெடித்தார்.

முருகன் சிரிக்கவில்லை. கையிலிருந்த சதுரங்களைப் புரட்டிப் பார்த்தான்.

"ரெண்டு நாளா எம் பொண்டாட்டி எம் மூஞ்சிய சந்தேகமா பாக்கறாளுங்க" என்றான்.

தமிழ்மணி தலை குனிந்து நின்றார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அன்னிக்கு மரத்தடி வரைக்கும்தான் ஓட்டுனேன்" என்றான் முருகன். "இன்னிக்குப் பாலக்கோடு வரைக்கும் நான் ஓட்டறேனுங்க. சாவியக் குடுங்க."

எல்லாரும் தமிழ்மணியைப் பார்த்தார்கள். இந்த நாளுக்காகத்தானே அந்தக் காரை வாங்கினார். மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தானே ஓட்டிக்கொண்டு வருவதை எத்தனையோ தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுக்கவே நேரமானது. எடுத்துக் கொடுத்தார்.

வளைகாப்பு முடிந்து கிளம்பும்போது முருகன் ஸ்டியரிங்கில். சுகுணா முன் சீட்டில். பின்னால் வெண்மதி, அவளுக்குப் பக்கத்தில் தமிழ்மணி. அவள் ரெண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். எஞ்சின் சத்தம் இல்லாத வண்டியில் அந்த வளையல் சத்தம் மட்டும்தான் கேட்டது. நாலுவழிச் சாலையில் ஏறியதும் தமிழ்மணி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறுபது. எழுபது. எண்பது. வளையல்கள் ஒன்றோடொன்று உரசாமல் அமைதியாக இருந்தன.

"ஆடலீங்க!" என்று முன்னாலிருந்து கத்தினான் முருகன்.

"சரிப்பா, ரோட்டைப் பாரு."

முருகன் டீசல் ஜீப்பில் பழகிய கால். அமுக்குவான், சட்டென்று எடுப்பான். ஜீப்பில் அப்படி எடுத்தால் வண்டி பாட்டுக்கு உருண்டு போகும். இந்தக் காரில் காலை எடுத்தாலே பிரேக் போட்ட மாதிரி இழுத்துப் பிடிக்கும். அமுக்கினான், எடுத்தான், அமுக்கினான், எடுத்தான். பின் சீட்டில் ரெண்டு தலையும் முன்னும் பின்னும் ஆடின. பாலக்கோடு நெருங்குவதற்குள் வெண்மதியின் முகம் வெளுத்தது. அந்த வெளுப்பைத் தமிழ்மணிக்குப் பஸ் நிலையத்து நாட்களிலிருந்து தெரியும்.

"அப்பா..."

கவரைத் தேடினார். மின்சாரக் காரில் எதற்கு வாந்திக் கவர்? அந்த வண்டியில் ஒரு துண்டுத் தாள்கூட இல்லாமல் அவரே அல்லவா துடைத்து வைத்திருந்தார். யோசிக்க நேரமில்லை. ஒரு கையால் அவள் நெற்றியைத் தாங்கினார். இன்னொரு கையால் தன் சட்டையின் முன்பக்கத்தை ஏந்திப் பிடித்தார். வளைகாப்புச் சோறு, அஞ்சு வகையும், டீசல் இல்லாமலேயே வந்தது.

"அய்யோ அப்பா, சட்டை!" வெண்மதி அழுதுவிடுவாள் போலிருந்தது.

"பரவால்ல கண்ணு. பரவால்ல கண்ணு."

சுகுணா திரும்பித் தண்ணீரை நீட்டினாள். கணவனின் சட்டையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். கிண்டல் செய்ய வாயெடுத்தவள் பேசாமல் முன்னால் திரும்பிக்கொண்டாள். வெண்மதி வாய் கொப்பளித்து, சட்டையில் நனையாத தோள்பக்கமாகப் பார்த்துத் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். தமிழ்மணிக்கு அப்படி ஒரு நிம்மதி. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தால் இந்தத் தலையை யார் பிடித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

முருகன் கண்ணாடியில் பார்த்தான். "உங்க சட்டையெல்லாம் ஆயிருச்சுங்களே. ஓரமா நிறுத்தட்டுங்களா, தொடைச்சிக்கலாம்."

"வேணாம். தூங்கறா" என்றார் தமிழ்மணி மெதுவாக. "காலை மட்டும் சட்டுன்னு எடுக்காதப்பா. எண்பதுலயே போ."